கேமராவுக்கு வெள்ளை தெரியாது

பெரிய மாமாவின் எண்பதாம் கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கேமரா வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "ஆட்டோவுல வச்சுட்டு அமுக்குங்க சார், மத்ததை அது பாத்துக்கும்" என்று விற்றவர் சொல்லியிருந்தார். அமுக்கினேன். ஆல்பம் வந்த அன்று மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படத்தை வெகுநேரம் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர், அதன் முன்னால் புது வேட்டி, புதுச் சட்டை, புதுத் துண்டோடு அவர். "ஏம்ப்பா, அன்னிக்குக் காலையிலதான பிரிச்சுக் கட்டுனேன். நாலு நாள் கட்டுன வேட்டி மாதிரில்ல இருக்கு?"

அவர் சொன்னது சரிதான். வேட்டி, சுவர், துண்டு எல்லாமே சாம்பல். அதே நாள் கொல்லைப்புறத்தில் பக்கத்து வீட்டு எருமையையும் நெருங்கிப் போய் ஒரு படம் எடுத்திருந்தேன். அது விபூதி பூசிக்கொண்டதுபோல வெளிறி நின்றது. வெள்ளையும் சாம்பல், கறுப்பும் சாம்பல். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பியவனை மனைவி தடுத்து, மதுரையில் ஒரு ஸ்டூடியோவின் மாடியில் நடக்கும் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். ஒன்பது பேர். ப்ளவுஸ் டிசைன்களை வாட்ஸப்பில் போட நினைத்த தையல்கடைக்காரர், பறவைகளின் பின்னால் அலையும் கல்லூரி மாணவன், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் என்று பலதரப்பு. நடத்தியவர் நாற்பது வருடம் கல்யாண வீடுகளில் நின்றவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம்.

முதல் நாள் அவர் பாடம் எதுவும் நடத்தவில்லை. மேசைமேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தார். பக்கத்தில் கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைத்தார். "துண்டு மட்டும் ஃபிரேம் முழுக்க வர்ற மாதிரி ஒண்ணு எடுங்க. அப்புறம் குடை மட்டும் ஒண்ணு. பிறகு அந்த சிமெண்டுச் சுவரு. எல்லாம் ஆட்டோவுல." கம்ப்யூட்டர் திரையில் மூன்று படங்களையும் வரிசையாக வைத்தபோது, நெசவையும் சொரசொரப்பையும் வைத்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க முடிந்தது. வெளுப்பில் மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

"அதுக்கு வெள்ளைன்னா என்னன்னு தெரியாதுங்க" என்றார் மாஸ்டர். "எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு மட்டும்தான் தெரியும்."

கேமராவுக்குள் வரும் ஒளி ஒரு பெருக்கல் கணக்கின் விடை. பொருளின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பது ஓர் எண். அதில் எத்தனை பங்கை அந்தப் பொருள் திருப்பி அனுப்புகிறது என்பது இன்னோர் எண். வெள்ளைத் துணி எண்பது சதவீதத்தைத் திருப்பிவிடும். கறுப்புக் குடைத்துணி நாலைந்து சதவீதம் திருப்பினாலே அதிகம். மங்கிய அறையில் கிடக்கும் வெள்ளைத் துண்டும் வெயிலில் விரித்த கறுப்புக் குடையும் ஒரே அளவு ஒளியை கேமராவுக்குள் அனுப்பிவிட முடியும். விடை 12 என்று மட்டும் சொன்னால், பெருக்கியது மூன்றையும் நாலையுமா, இரண்டையும் ஆறையுமா என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் கேமராவின் ஒளிமானிக்குள் ஓர் அனுமானத்தை வைத்துவிட்டார்கள்: எதிரே எது இருந்தாலும், மொத்தத்தில் அது நடுத்தரச் சாம்பல்.

இந்த நடுத்தரத்துக்கு அடையாளமாக, விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் சாம்பல் அட்டை கேமரா கடைகளில் இன்றும் கிடைக்கிறது. நடு என்றால் 50 அல்லவா என்று டீச்சர் கேட்டார். நம் கண் ஒளியைக் கூட்டல் கணக்கில் உணர்வதில்லை, மடங்குக் கணக்கில் உணர்கிறது. ஒரு விளக்கு எரியும் அறையில் இன்னொன்றை ஏற்றினால் பளிச்சென்று தெரியும். இருபது விளக்கு எரியும் மண்டபத்தில் இருபத்தோராவதை ஏற்றினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அந்தக் கணக்கில், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருப்பதாக நமக்குப் படுவது 18 சதவீதம் திருப்பும் பரப்புதான்.

மரம், தெரு, ஆள், வீடு என்று கலந்து வரும் காட்சியில் இந்த அனுமானம் பெரும்பாலும் பலித்துவிடும். இப்போதைய கேமராக்களும் போன்களும் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதற்கேற்பத் திருத்திக்கொள்ளவும் செய்கின்றன. ஆனால் ஃபிரேம் முழுக்க வெள்ளையோ கறுப்போ நிறைந்துவிட்டால் அவற்றில் பலவும் தடுமாறிப்போகின்றன. மாஸ்டர் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்: "வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை." கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பித்தான் இருக்கிறதே, அதற்குத்தான். எனக்கு முதலில் தலைகீழாகப் பட்டது. ஏற்கெனவே பளிச்சென்று இருப்பதற்கு இன்னும் எதற்கு வெளிச்சம்? கேமரா அதைச் சாம்பலாக்கக் குறைத்துவிட்டது, குறைத்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். என் எருமைக்கு நேர் எதிர் வைத்தியம்.

நம் கண்ணுக்கு ஏன் இந்தக் குழப்பம் வருவதில்லை? கண் சாமர்த்தியமான பொய்யன். நடுப்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். இரவில் விளக்குப் போட்ட கூடம் நூறு லக்ஸ் இருந்தால் நல்ல வெளிச்சம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவர் சற்றே கண்ணைக் கொட்டுவார், பிறகு பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவார். அந்த ஆயிரம் மடங்கை மூளை நம்மிடம் சொல்வதே இல்லை. கேமராவுக்கு அதை மறைக்கத் தெரியாது. புகைப்படக்காரர்கள் ஒளியை இரட்டிப்பதையோ பாதியாக்குவதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். பத்து முறை இரட்டித்தால் 1,024. ஆக, தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவில் பத்து ஸ்டாப். இந்தப் பத்தைச் சமாளிக்க மூன்று கைப்பிடிகள் இருக்கின்றன: துளை, நேரம், ஐஎஸ்ஓ.

துளையில்தான் எல்லோரும் முதலில் முட்டிக்கொண்டோம். லென்ஸில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள். எண் ஏற ஏற துளை சிறுக்கிறது. "இது என்ன சார் கோக்குமாக்கு?" என்றார் தையல்கடைக்காரர். மாஸ்டர் சிரித்தார். "உங்க தாத்தா நிலம் பதினாறு ஏக்கர்னு வைங்கண்ணே. ரெண்டு பங்காளின்னா ஆளுக்கு எட்டு. பதினாறு பங்காளின்னா?" லென்ஸின் குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான் துளையின் விட்டம். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மி.மீ. விட்டம். எஃப் 16 என்றால் மூன்று மி.மீ.தான், கொத்துமல்லி விதை அளவு.

துளையை மி.மீட்டரிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? 100 மி.மீ. லென்ஸ் காட்சியை இரண்டு மடங்கு பெரிதாக்குகிறது, அதாவது அதே ஒளியை நாலு மடங்கு பரப்பில் பரப்புகிறது. அதே வெளிச்சம் வேண்டுமென்றால் துளையின் விட்டமும் இரண்டு மடங்காக வேண்டும். விகிதமாகச் சொல்லிவிட்டால் எந்த லென்ஸை மாட்டினாலும் எஃப் 4 என்பது ஒரே வெளிச்சம்தான். எண்கள் ஏன் இப்படிக் கோணல்மாணலாகப் போகின்றன என்பதை டீச்சர் தானாகவே கண்டுபிடித்தார். நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தவர், "அட, ரூட் டூ!" என்றார். வட்டத்தின் பரப்பு பாதியாக வேண்டுமென்றால் விட்டத்தை 1.414-ஆல் வகுக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப்போல் 1.414 மடங்கு, ஒவ்வோர் அடிக்கும் ஒளி பாதி. அன்று வகுப்பிலேயே அதிக சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர் அவர்தான்.

துளை சிறுத்தால் ஒளி குறைவதோடு இன்னொன்றும் நடக்கிறது: முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்தே தெளிவாகின்றன. ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி லென்ஸின் துளை முழுவதையும் நிரப்பி, உள்ளே கூம்பாகக் குவிகிறது. கூம்பின் முனை சரியாக ஒளியைப் பிடிக்கும் சென்சாரில் விழுந்தால் புள்ளி புள்ளியாகவே இருக்கும். முனை முன்னே பின்னே விழுந்தால் அது வட்டமாகப் பரவி மங்கிவிடும். துளை சிறிதானால் கூம்பு ஒல்லியாகும், முனை கொஞ்சம் தவறினாலும் வட்டம் சிறியதாகவே இருக்கும். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்ட பாட்டி கண்ணைச் சுருக்கி பஸ் நம்பர் பார்ப்பது இதே இயற்பியல்தான். அதற்காக எஃப் 22-க்குப் போனால் ஒளி அலை குறுகிய துளையில் நுழையும்போது விரிந்து படம் முழுவதும் லேசாக மழுங்கும். பாட்டிக்கும் ஓர் அளவு உண்டு.

நேரத்துக்கான பாடம் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மின்விசிறியை எடுக்கச் சொன்னார். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்தபோது இறக்கைகள் புகையாக வந்தன. ஆயிரத்தில் ஒரு பங்கில் இறக்கை நின்றுவிட்டது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் நடுப்பகுதி கத்திபோலத் தெளிவு, நுனி மட்டும் மசமசப்பு. கணக்குப் போட்டோம். நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு ஐந்து. நடுவிலிருந்து நுனிவரை 60 செ.மீ. ஆகவே நுனி ஒரு நொடியில் ஏறக்குறைய 19 மீட்டர் ஓடுகிறது. ஆயிரத்தில் ஒரு நொடியிலும் அது கிட்டத்தட்ட இரண்டு செ.மீ. நகர்ந்துவிடும். மைனாவின் சிறகு தன் படங்களில் ஏன் எப்போதும் கலங்கலாகவே வருகிறது என்று மாணவனுக்கு அன்றுதான் விளங்கியது.

மின்விசிறிப் படங்கள் சிலவற்றில் குறுக்கே கறுப்புப் பட்டைகளும் இருந்தன. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுவதால், மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பளிச்சிடுகின்றன. கண் இதைப் பார்ப்பதில்லை. சென்சாரோ வரிசை வரிசையாகப் படிக்கிறது. சில வரிசைகள் விளக்கு மங்கிய கணத்தில் சிக்கிக்கொள்கின்றன. ஐம்பதில் ஒரு நொடி திறந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் முழுதாக இரண்டு மினுக்கல் கிடைத்துவிடுவதால் பட்டை மறைந்துவிடும். போனில் எடுத்த மின்விசிறியின் இறக்கைகள் வாழையிலைபோல வளைவதும் இந்த வரிசைப் படிப்பால்தான்.

மூன்றாவது கைப்பிடியைப் பற்றி நான் அதுவரை நம்பியிருந்தது தப்பு. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சார் கூர்மையாகிவிடும், அதிக ஒளியைப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். ஃபிலிம் காலத்தில் அது ஓரளவு உண்மை. நூறு ரோல், நானூறு ரோல் என்று கேட்டு வாங்குவோம், நானூறில் வெள்ளி உப்பின் துகள்களே வேறு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் தயாரித்த நாட்களை மாஸ்டர் பெருமூச்சோடு சொல்வார். டிஜிட்டலில் சென்சார் மாறுவதில்லை. பிடித்த ஒளி பிடித்ததுதான். அந்தக் கணக்கைப் பிறகு மடங்காக்கி எழுதுகிறோம். "கால் குடம் தண்ணி பிடிச்சுட்டு, முழுக் குடம்னு நோட்டுல எழுதுறதுங்க ஐஎஸ்ஓ" என்றார்.

அப்படி எழுதினால் என்ன கெட்டுப்போகிறது? இதற்கு சென்சாருக்குள் போக வேண்டும். ஒளி ஃபோட்டான் என்னும் பொட்டலங்களாக வருகிறது. 1905-இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த இந்தக் கருத்தை ஒட்டிய ஆய்வுக்குத்தான் அவருக்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் கிடைத்தது, சார்பியலுக்கு அல்ல. சிலிக்கனில் ஒரு ஃபோட்டான் மோதினால் ஓர் எலெக்ட்ரான் விடுபடும். ஒவ்வொரு பிக்சலும் அவற்றைச் சேர்த்து வைக்கும் குழி. 36 மி.மீ. அகலச் சென்சாரில் 6,000 பிக்சல் இருந்தால் ஒவ்வொன்றும் 0.006 மி.மீ. தலைமுடி ஒன்றின் குறுக்கே ஒரு டஜன் அடுக்கலாம். போனில் உள்ளவை அதைவிட மிகச் சிறியவை.

ஓட்டு வீட்டில் தூறல் தொடங்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். எல்லா ஓடுகளின் மேலும் ஒரே மழைதான். ஆனால் ஓர் ஓட்டில் ஏழு துளி, பக்கத்து ஓட்டில் பதிமூன்று. மழை வலுத்து ஓட்டுக்குப் பத்தாயிரம் துளி விழுந்த பிறகு எல்லா ஓடும் ஒன்றுபோல நனைந்திருக்கும். ஃபோட்டான்களும் இப்படித்தான் தாறுமாறாக வருகின்றன. சராசரி எவ்வளவோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். 10,000 ஃபோட்டான் என்றால் 100 முன்னே பின்னே, ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான் என்றால் 10, பத்து சதவீதம். ஒரே நிறச் சுவர் மணல் தூவியதுபோலப் பொரிப்பொரியாக வருவதற்குப் பெருங்காரணம் இது. ஐஎஸ்ஓ ஒளியைப் பெருக்கும்போது இந்தத் தாறுமாறையும் சேர்த்தே பெருக்குகிறது. விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் இந்த வர்க்கமூலத்திடமிருந்து தப்பிக்க வழியில்லை. அது கேமராவின் குறை அல்ல, ஒளியின் சுபாவம்.

குழி நிரம்பி வழிவது இன்னொரு தொல்லை. பெரிய சென்சார்களில் ஒரு பிக்சல் சில பத்தாயிரம் எலெக்ட்ரான்கள் வரை கொள்ளும். அதற்கு மேல் வருபவை கணக்கில் ஏறா. அந்த இடம் வெறும் வெள்ளை, பிறகு என்ன செய்தாலும் அதில் ஒன்றும் தேறாது. இதைச் சொல்லும்போது மாஸ்டர் 1858-இல் லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி எடுத்த மதுரைப் படங்களைக் காட்டினார். சென்னை மாகாண அரசுக்காகப் படம் எடுத்தவர். அன்றைய காகித நெகட்டிவ் நீல ஒளிக்கு அதிகமாக மசியும், ஆகவே வானம் எப்போதும் வெளுத்துவிடும். ட்ரைப் தன் நெகட்டிவ்களில் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். அந்தத் திருத்தல் வேலையை இன்று போன் கேட்காமலேயே செய்கிறது, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி. நம் காலத்தில்தான் படங்கள் பொய் சொல்லத் தொடங்கின என்று அங்கலாய்ப்பவர்களுக்கு நான் அந்த மேகங்களைச் சொல்லுவேன்.

இந்தக் குழிகளுக்கு நிறமும் தெரியாது. எத்தனை எலெக்ட்ரான் என்பது மட்டும்தான் கணக்கு. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற யோசனைதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. குழிகளின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைப்பது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம், ஏனென்றால் நம் கண் நுணுக்கத்தைப் பச்சையில்தான் அதிகம் பார்க்கிறது. ஆக ஒவ்வொரு பிக்சலும் மூன்றில் ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள். புள்ளிக் கோலம்தான், புள்ளி வைப்பது சென்சார், கோடு இழுப்பது கணினி. அதே கோடாக்கில் 1975-இல் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் நூறுக்கு நூறு, பத்தாயிரம் புள்ளிகள்தான். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 நொடி. எடை மூன்றரை கிலோவுக்கு மேல். டீச்சர் தன் போனைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

நிறத்தில் கடைசிச் சிக்கல், விளக்கின் நிறம். குண்டு பல்பின் ஒளி மஞ்சள், மர நிழலில் வானத்திலிருந்து வரும் ஒளி நீலம். நாம் இரண்டிலும் வேட்டியை வெள்ளை என்கிறோம். கேமராவில் இதைக் கெல்வினில் குறிக்கிறார்கள்: பல்பு 2,800 போல, நடுப்பகல் 5,500, நிழல் 7,000-க்கு மேல். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, மஞ்சளித்து, வெளுப்பதைப் பார்த்தவர்களுக்கு எண் ஏற ஏற நீலம் ஏறுவது ஆச்சரியமாக இருக்காது. பல்பு வெளிச்சத்தில் கேமரா நீலத்தைக் கூட்டி மஞ்சளை ஈடுகட்டுகிறது. பழுப்பேறிய வேட்டிக்குச் சொட்டு நீலம் விடும் நம் வீட்டு வழக்கத்துக்கும் இதே தர்க்கம்தான். ரா கோப்பாக எடுத்தால் இந்த நீலத்தைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்கில் எடுத்தால் கேமராவே சமைத்துப் பரிமாறிவிடும். சோற்றை மறுபடி அரிசியாக்க முடியாது.

ஆறாம் ஞாயிறு முடிந்த வாரம் ஊருக்குப் போனேன். மாமாவைத் திண்ணை நிழலில், அதே சுண்ணாம்புச் சுவர் முன்னால் உட்கார வைத்தேன். ஃபிரேமில் முக்கால்வாசி வெள்ளை. ஒன்றரை ஸ்டாப் கூட்டினேன். எஃப் 4, நேரம் 125-இல் ஒன்று, வழிந்த இடம் எதுவும் இல்லை என்று திரையில் பார்த்துக்கொண்டேன். காலையில் வயலில் எருமையை எடுத்தபோது ஒளியின் நிறத்துக்கு வைத்த சூரியக் குறியை மாற்ற மறந்ததும், ஜேபெக்கில் இருந்ததும் பிரிண்ட் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மாமா படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ம், இப்ப வெள்ளையா இருக்கு."

தோளுக்குப் பின்னாலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். "நீலம் கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சே."

"நீதான துவைச்ச" என்றார் மாமா.